கண்மாய்க்கு ஒரு நங்கூரம்

மதுரை ரயில் நிலையத்தில் என் பெட்டியைத் தலைக்கு ஏற்றிய போர்ட்டர் நாலடி நடந்ததும் அதைக் கீழே இறக்கிவிட்டார்.

"என்னண்ணே, உள்ள அம்மிக்கல்லா?"

அம்மிக்கல் மதுரையிலிருந்து மலேசியாவுக்குப் போவதுதான் வழக்கம். மலேசியாவிலிருந்து மதுரைக்கு யாரும் கல் சுமந்து வருவதில்லை. "நங்கூரம்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வைகையிலயே முழங்கால் தண்ணிதாண்ணே ஓடுது. இத எங்க போடப் போறீக?"

பக்கத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் ஊரே சொல்லும். ஆனால் இரும்பைத் தூக்கப்போகிறவரிடம் கோபித்துக்கொள்வது புத்திசாலித்தனம் இல்லை. முதல் நாள்தான் சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி ஒருவர் அந்த நங்கூரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்து, உள்ளே தங்கம் ஊற்றியிருக்கிறதா என்று விசாரித்திருந்தார். அதற்கு மேல் எதற்கும் கோபப்பட எனக்குத் தெம்பு இல்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் மலேசியாவின் மேற்குக் கரையில், ஆறு கடலில் கலக்கும் ஒரு சிற்றூரில், படகுத்துறை வைத்திருக்கிறேன். கோலாலம்பூரில் வசதியாக இருப்பவர்கள் தங்கள் உல்லாசப் படகுகளை என் துறையில் கட்டிவைப்பார்கள். சனி, ஞாயிறு வந்தால் குடும்பத்தோடு வந்து ஏறிப் போவார்கள். கட்டிக் காப்பது என் பிழைப்பு.

என் மனைவி மதுரைப் பெண். அவள் தம்பி முத்துராமன் தல்லாகுளத்தில் வக்கீல். அவனும் கோர்ட்டுச் சிநேகிதர்கள் மூன்று பேரும் சேர்ந்து, ராமநாதபுரம் கடற்கரையில் இரண்டு துடுப்புப் படகுகள் செய்து லாரியில் ஏற்றி வந்து, அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பெரிய கண்மாயில் விட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் படகு விடுவது, கட்டுச்சோறு சாப்பிடுவது, சீட்டு விளையாடுவது. எல்லாம் சரி, படகை எப்படிக் கட்டிவைப்பது என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு காற்றடித்த நாளில் இரண்டும் அவிழ்த்துக்கொண்டு போய்விட்டனவாம். "மச்சான், நீங்க வந்து ஒரு தடவ கட்டிக் காமிச்சிட்டுப் போங்க" என்று டிரங்க் கால் போட்டான். மனைவி என்னை விமானம் ஏற்றிவிட்டாள்.

அவள் என்னை அனுப்பியதற்கு வேறொரு காரணமும் உண்டு. எங்கள் துறைக்குப் பக்கத்துச் சேற்றில் ஆ ஹாக் என்ற சீனர் சிப்பி வளர்க்கிறார். சேற்றைக் கிளறி எடுக்கும் அந்தச் சிப்பியை அங்கே கெராங் என்போம். கெராங் இல்லாத சாப்பாட்டுக் கடையே கிடையாது. படகுகளில் வருகிறவர்கள் செய்யும் அசுத்தம் சிப்பியில் சேருகிறது, இப்படியே போனால் சிப்பி எடுக்கத் தடை போடுவோம் என்று சுகாதார அதிகாரிகள் அவரை எச்சரித்திருந்தார்கள். அவர் என்னிடம் சண்டைக்கு வந்தார். நானும் சளைக்கவில்லை. ஊர் திரும்பியதும் ஜில்லா அதிகாரி முன்னால் இருவரும் பேச வேண்டும். அதுவரை இந்த மனுஷன் கண் மறைவாக இருக்கட்டும் என்று என் மனைவி நினைத்தாள்.

தல்லாகுளம் வீட்டில் முதல் நாள் முழுக்கச் சாப்பாடுதான். காலையில் இட்லி. எங்கள் ஊர் இட்லியும் இட்லிதான், ஆனால் அது தட்டில் வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும். இது விரல் பட்டதும் உள்வாங்கி மறுபடி எழுந்தது. நாலு வகைச் சட்னி. முத்துராமன் மனைவி வேண்டாம் வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல வைத்துக்கொண்டே இருந்தாள். மலேசியாவில் வேண்டாம் என்றால் வேண்டாம். மதுரையில் அது உபசாரத்தின் ஒரு பகுதி.

"ஞாயித்துக்கிழம ஊர்ப் பஞ்சாயத்து முடிவு சொல்றாக, மச்சான்" என்றான் முத்துராமன். "படகு கண்மாயில இருக்கலாமா, தூக்கணுமான்னு. நத்த பொறுக்குற பொம்பளைங்க ஏதோ புகார் பண்ணியிருக்காளுக. நீங்க வந்து முறையாக் கட்டி வச்சிட்டா, ஒரு குறையும் சொல்ல முடியாது."

எனக்கு ஆ ஹாக்கின் முகம் நினைவுக்கு வந்தது. கடல் தாண்டி வந்தும் விடமாட்டார்கள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் வியாழக்கிழமை, முத்துராமனின் ஸ்கூட்டரில் கிளம்பினோம். அவன் ஓட்ட, நான் பின்னால். நங்கூரம் எனக்கும் அவனுக்கும் நடுவில், கோணிப்பையில். மார்கழிப் பனி இன்னும் விலகவில்லை. பாதை குண்டும் குழியுமாக இருந்ததால் ஒவ்வொரு குழியிலும் நங்கூரத்தின் கொக்கி முனை என் தொடையில் ஓர் இடி இடித்தது. பரவையில் சக்கரம் காற்றுப் போயிற்று. அத்தனை எடைக்கு அது அதுவரை தாங்கியதே பெரிது. பஞ்சர் ஒட்டும் வரை சும்மா நிற்பானேன் என்று சந்தைக்குள் நடந்தேன்.

எங்கள் ஊர்ச் சந்தையில் மீன் வாடை முன்னால் வரும், மற்றது பின்னால். பரவையில் கொத்தமல்லி வாடை முன்னால் வந்தது. தக்காளிக் கூடைகளையும் வெங்காய மூட்டைகளையும் கடந்து கடைசி வரிசைக்குப் போனபோது, ஓர் அலுமினிய அன்னக்கூடையில் பச்சையும் கறுப்புமாக ஓடுகள் நெளிந்துகொண்டிருந்தன. நத்தை! முட்டை அளவு நத்தைகள். எனக்கு நாக்கில் நீர் ஊறியது. ஓட்டுக்குள் இருக்கும் எதையும் விடாமல் தின்று வளர்ந்தவன் நான். குந்தி உட்கார்ந்து கை நிறைய அள்ளினேன்.

விற்ற பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். வெற்றிலை போட்ட வாய், முழங்கை வரை சேறு காய்ந்த தடம். "நல்லாப் பாத்து எடுங்கண்ணே. எல்லாம் உசுரோட இருக்கு. ஊருக்குப் புதுசா? வெளுத்த சட்டையா இருக்கு, நத்த திம்பீகளா?"

"நல்லாத் திம்பேன். நான் மலேசியா. படகு கட்ட வந்திருக்கேன்."

அவள் வாய் மெல்லுவதை நிறுத்தியது. "எந்தப் படகு? வக்கீல் படகா?"

"ஆமா."

"எடுத்தத கீழ வையுங்க."

"ஏம்மா?"

"கூடையில போடுங்கங்கிறேன். ஒங்களுக்கு நத்த இல்ல. வேற கட பாத்துக்கங்க."

வேறு கடையே இல்லை. சந்தையில் நத்தை விற்றது அவள் ஒருத்திதான். ஒவ்வொரு நத்தையாகக் கூடையில் திரும்பப் போட்டேன். என் வயதில் ஒருவன் சந்தையில் அத்தனை பேர் பார்க்க நத்தையைத் திருப்பி வைத்தது பரவையில் அதுவே முதல் தடவையாக இருக்கும். கோபத்தில் காது சூடாகிவிட்டது.

கண்மாயைப் பார்த்ததும் கோபம் இறங்கியது. எவ்வளவு தண்ணீர்! ஒரு பக்கம் உயர்ந்த கரை, அதன் மேல் மருத மரங்கள். மறுபக்கம் தண்ணீர் மெல்ல மெல்ல ஆழம் குறைந்து, கோரையும் ஆம்பலுமாக வயலோடு கலந்துவிடுகிறது. நடுவில் ஒரு கோரைத் திட்டு. அதன் மேல் கொக்குகள். கடலில் இப்படி அசையாத தண்ணீரைப் பார்க்கவே முடியாது.

படகுகள் கிழக்கே ஆழம் குறைந்த பக்கத்தில் கிடந்தன. ரோட்டுக்கு அதுதான் பக்கம். முத்துராமன் கூட்டாளிகள் ஆள் விட்டு அங்கே கோரையையும் பாசியையும் அரித்து எடுத்து, துடுப்பில் சிக்காமல் இடம் செய்திருந்தார்கள். நான் வேட்டியை மடித்துக்கட்டி இறங்கினேன். நங்கூரத்தைச் சேற்றில் அழுத்தி, நைலான் கயிற்றில் தாராளமாக நீளம் விட்டு, இரண்டு படகுகளையும் கட்டினேன். "நீளம் ஏன் தெரியுமா மாப்ள? தண்ணி ஏறும், எறங்கும். இறுக்கிக் கட்டினா படகு தொங்கும். அதுதான் தொழில் ரகசியம்லா." முத்துராமன் பக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தான்.

அப்போது கோரைக்குள்ளிருந்து பெண்கள் வந்தார்கள். ஆறேழு பேர், முழங்கால் தண்ணீரில். ஒவ்வொருத்தி இடுப்பிலும் ஒரு கயிறு. கயிற்றின் நுனியில் ஓர் அலுமினியப் பானை மிதந்து பின்னால் வந்தது. காலால் துழாவி, குனிந்து எடுத்து, பானையில் போடுகிறார்கள். சந்தைக்காரி சந்தையை முடித்துக்கொண்டு அதற்குள் வந்து சேர்ந்திருந்தாள். பாண்டியம்மாள் என்று பெயர் என்பது மற்றவர்கள் கூப்பிட்டதில் தெரிந்தது.

"வந்துட்டாக மலேசியாக்காரக" என்றாள். "இந்தா, இந்த எடத்துலதான் நத்த முட்ட வைக்கும். கோரைய அரிச்சுத் தூரப் போட்டுட்டீக. ரெண்டு மாசந்தான் எங்களுக்கு இது. தை பொறந்தா கதிரறுப்பு, அப்புறம் தண்ணி வத்திப் போகும். இத விட்டா சித்திர வரைக்கும் எங்க வீட்டுல என்னத்தப் பொங்குறது?"

நான் எங்கள் ஊரில் ஆ ஹாக்கிடம் பலமுறை சொன்னதையே இவளிடமும் சொன்னேன். "அம்மா, படகு மேலே மிதக்குது. நத்தை அடியில கிடக்குது. ரெண்டுக்கும் என்ன சண்டை?"

"படகு மேலதான் மெதக்குது. படகுல வந்தவுக எங்க ஒதுங்குறாக? கேளுங்க ஒங்க மச்சினர."

முத்துராமன் மருத மரத்தைப் பார்த்தான்.

"ஞாயித்துக்கிழம பூராவும் இந்தக் கரையிலதான். திங்கக்கிழம நாங்க இதே தண்ணியில கை விட்டு எடுத்து, இதயே சந்தையில விக்கிறோம். வாங்குனவுகளுக்கு வயித்தால போச்சுன்னா பாண்டியம்மா நத்தன்னுதான சொல்லுவாக, வக்கீல் படகுன்னா சொல்லுவாக?" காலைத் தண்ணீருக்கு வெளியே தூக்கிக் காட்டினாள். குதிகாலில் துணிக்கட்டு. "பாட்டில் வேற."

எங்கள் ஊரில் இதே வாதத்தை ஆ ஹாக் அரைகுறை மலாயில் சொல்வார், நான் பாதியில் மறித்துக் கத்துவேன், அது முழுசாக என் காதில் விழுந்ததே இல்லை. தமிழில் முழுசாக விழுந்துவிட்டது. திரும்பும் வழியில் நங்கூரம் இடிக்காத தொடையும் வலித்தது.

வெள்ளிக்கிழமை நகரத்தில் சுற்றினேன். மத்தியானம் ஜிகர்தண்டா. சாயங்காலம் தல்லாகுளத்தில் ஒரு கடையில் புரோட்டா. எங்கள் ஊரில் ரொட்டி சானாய் என்று இதன் தம்பி ஒருவன் உண்டு, அவனுக்குப் பருப்பு. இங்கே புரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, கேட்காமலே சால்னாவை அதன் தலையில் ஊற்றிவிடுகிறார்கள். ஊறட்டும் என்று இரண்டு நிமிடம் சும்மா இருக்க வேண்டும். அந்த இரண்டு நிமிடத்தில் பக்கத்து மேஜைப் பேச்சு காதில் விழுந்தது.

"பயிரு பொதி கட்டுற நேரம் மாப்ள. நாளைக்கு விடியக்காலை மடையத் தொறக்குறாக. நான் இப்பவே கிளம்புனாத்தான் தண்ணி பாய்ச்ச முடியும்."

"எந்த ஊரு கண்மாய்?"

அவர் சொன்னது நம் கண்மாய்தான். கேட்டேன், தலையை ஆட்டிக்கொண்டேன், இன்னொரு புரோட்டா சொன்னேன். சனிக்கிழமை உறவினர் வீடுகளில் வடை தின்றே கழிந்தது. மடையைத் திறந்தால் தண்ணீர் இறங்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. நான் கடற்கரைக்காரன், இறங்கிய தண்ணீர் ஏறாமல் எங்கே போகும் என்ற நினைப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முத்துராமனும் கூட்டாளிகளும் நானும் வாடகைக் காரில் போய் இறங்கியபோது ஊரே கரையில் நின்றது. பஞ்சாயத்துக்குத்தான் கூடியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர் ஒரு முழம்தான் இறங்கியிருக்கும். ஆனால் ஆழம் குறைந்த பக்கத்தில் ஒரு முழம் இறங்கினால் ஒரு வயலகலத்துக்குச் சேறு தெரியும். அந்தச் சேற்றின் நடுவே இரண்டு படகுகளும் ஒருக்களித்துப் படுத்துக் கிடந்தன. என் தாராளமான கயிறு பாம்பு மாதிரி சுருண்டு கிடந்தது. நங்கூரத்தின் தலையில் ஒரு கொக்கு.

கூட்டாளிகளில் ஒருவர், நோட்டரி வக்கீல், பளபளக்கும் ஷூவோடு இரண்டடி வைத்தார். மூன்றாவது அடிக்கு ஷூ வரவில்லை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நிதானமாகச் சொன்னேன், எங்கள் துறையில் எத்தனையோ படகுக்காரர்களுக்குச் சொன்ன பழக்கத்தில்: "பயப்படாதீங்க. சாயங்காலம் தண்ணி திரும்பி ஏறும். படகு தானா மிதக்கும்."

முதலில் பாண்டியம்மாள் ஆரம்பித்தாள். ஒரு கையால் வாயைப் பொத்தி, மறுகையால் பக்கத்தில் நின்றவளைப் பிடித்துக்கொண்டு, சிரித்தாள். கரை முழுக்கச் சிரித்தது. மடை திறந்து தண்ணீர் விடுகிற சோணை என்ற நீர்பாய்ச்சி, தலைத்துண்டை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"திரும்பி வரும்ணே" என்றார் அவர், எனக்கு ஆறுதலாக. "அடுத்த ஐப்பசியில வரும்."

அசடு வழிய நின்றேன். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. நானும் சிரித்துவிட்டேன்.

பஞ்சாயத்துத் தலைவர் வெற்றிலைப் பெட்டியோடு மருத மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். சண்டை பிடிக்காத விவசாயி. "முடிவு சொல்றது கிடக்கட்டும். மொதல்ல படக எடுங்கப்பா. வெயில் ஏறுனா பலகை பிளந்துரும்" என்றார்.

எடுப்பதென்றால் சேற்றில் நடக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். அங்கே அது தெரிந்தவர்கள் நத்தைக்காரப் பெண்கள்தான். எல்லோரும் பாண்டியம்மாளைப் பார்த்தார்கள். அவள் சிரிப்பை நிறுத்திக் கரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"தூக்குறோம். ஆனா எங்க கொண்டு போயி விடணும்? திரும்பி எங்க கோரைக்குள்ளயா?"

"ஆழமா வேற எடம் இருக்கா?" என்று நான் சோணையிடம் கேட்டேன். என் தொழிலில் நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. ரோட்டுக்குப் பக்கம் என்று முத்துராமன் சொன்னதோடு விட்டிருந்தேன்.

"மடைக்கு முன்னால ஆழந்தான். மாசி வரைக்கும் ஆள் முங்கத் தண்ணி நிக்கும். கோரையும் இல்ல, நத்தையும் இல்ல. ஆனா…" கரையின் மேல் கையைக் காட்டினார்.

மடைக்கு நேர் மேலே ஒரு மேடை. நாலைந்து நெட்டை அரிவாள்கள் வானத்தைப் பார்த்து நின்றன. மடைக் கருப்பு. கண்மாய்க் காவல் அவர் பொறுப்பு. அங்கே செருப்புப் போட்டு ஒருவரும் நடப்பதில்லை. எச்சில் துப்புவதில்லை. படையலில்கூடச் சாராயம் வைப்பதில்லை. ஒதுங்குவதென்றால், கண்ணுக்கெட்டாத தூரம் போவார்கள். நோட்டரி வக்கீல்கூடச் சேற்று ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் அந்தப் பக்கம் திரும்பினார்.

எனக்குள் ஏதோ ஒன்று பளிச்சென்றது. எங்கள் ஊர் அதிகாரிகள் அறிவிப்புப் பலகை நட்டார்கள், அபராதம் என்றார்கள், ஒருவனும் கேட்கவில்லை. இங்கே பலகையே இல்லை. அத்தனை பேரும் கேட்கிறார்கள்.

"அங்கேயே கட்டுவோம்" என்றேன்.

கூட்டாளிகளிடம் முணுமுணுப்பு எழுந்தது. முத்துராமன் என் காதில் சொன்னான்: "மச்சான், கருப்பு முன்னாடி பாட்டிலத் தொறக்க முடியாது."

"அதுக்குத்தான் சொல்றேன் மாப்ள."

பாண்டியம்மாள் இதைக் கேட்டுவிட்டாள். அவள் முகம் முதல் தடவையாக என் பக்கம் நேராகத் திரும்பியது. "மடைகிட்டக் கட்டுனா எங்களுக்குச் சம்மதம். கிழக்குக் கரையில கோரைய இனிமே தொடப்பிடாது. இன்னொண்ணும் இருக்கு." நடுத்திட்டைக் காட்டினாள். "அங்க பெரிய பெரிய நத்தையா கிடக்கு. கண்மாய் நெறஞ்சா நடந்து போக முடியாது, ஆழம். ஞாயித்துக்கிழம ஒங்க படகு. மத்த நாளு சும்மாதான கிடக்கு? நாங்க எடுத்துக்கிறோம்."

"நத்த வாடை அடிக்குமே" என்றான் முத்துராமன்.

"கழுவி விடுறோம். நீங்க போன பெறகு எங்க கரைய நாங்க கழுவலையா?"

தலைவர் தாடையைத் தடவினார். கூட்டத்தில் நின்ற, கண்மாய் மீனைக் குத்தகைக்கு எடுத்திருந்தவரைப் பார்த்தார். அவர் எனக்கென்ன என்பது போலக் கையை விரித்தார். "ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டா எனக்கு என்னப்பா. படகு இருக்கட்டும்" என்றார் தலைவர்.

வக்கீல்கள் உடனே பேனாவை எடுத்தார்கள். ஒப்பந்தமாக எழுதி, சாட்சிக் கையெழுத்துப் போட்டு… பாண்டியம்மாள் கையை ஆட்டினாள். "எழுத்தெல்லாம் நமக்கு எதுக்கு? சூடத்துல அடிச்சுச் சொல்லச் சொல்லுங்க."

கருப்பு முன்னால் கற்பூரம் ஏற்றி, எரிகிற சுடரைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது இந்தப் பக்கத்து வழக்கம். செய்தபின் மீறினால் குடும்பத்துக்கு ஆகாது. நாள் தவறாமல் கோர்ட்டில் மற்றவர்களைச் சத்தியம் பண்ண வைத்துக் குறுக்கு விசாரணை செய்கிற நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எழுதிக் குடுத்தாப் போதாதா?" என்று நோட்டரி மெல்லக் கேட்டார். போதாது என்று எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

கடைசியில் முத்துராமன் செருப்பைக் கழற்றினான். அரிவாள்களின் முன்னால் நின்றபோது அவன் கழுத்து வியர்த்திருந்ததைப் பார்த்தேன். "கிழக்குக் கரையில எறங்க மாட்டோம். அசிங்கம் பண்ண மாட்டோம். பாட்டில் கொண்டாற மாட்டோம்" என்று சொல்லிச் சூடத்தை அடித்தான். அப்புறம் பாண்டியம்மாள். "படக ஒடைக்க மாட்டோம். கழுவி வைப்போம்" என்றாள். அவள் அடி கொஞ்சம் பலமாக விழுந்தது.

அதன் பிறகு பெண்கள் படகைத் தூக்கிய விதத்தைப் பார்க்க வேண்டும். சேற்றில் முட்டி வரை இறங்கி, பக்கத்துக்கு மூன்று பேர், "ஏலே தள்ளு" என்ற ஒரே குரலில் வழுக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மடைத் தண்ணீரில் இரண்டு படகும் நிமிர்ந்து மிதந்தன. நான் நங்கூரத்தைப் போடப் போனேன். சோணை குறுக்கே வந்து நின்றுவிட்டார்.

"அதெல்லாம் இங்க ஆகாதுண்ணே. மடைக் கல்லுல மாட்டி இழுத்துச்சுன்னா மடையே போயிரும். மரத்துல கட்டுங்க."

மருத மரத்து வேரில் கட்டினோம். ஒவ்வொரு வாரமும் தண்ணீர் இறங்க இறங்கக் கயிற்றை விட்டுக்கொடுக்கும் வேலையைச் சோணை ஏற்றுக்கொண்டார். கடல் கடந்து, சுங்கம் கடந்து, என் தொடையை இடித்துக்கொண்டு வந்த நங்கூரத்துக்கு மதுரையில் வேலையே இல்லாமல் போனது.

புறப்படுவதற்கு முந்தின நாள் தனியாகப் பேருந்தில் கண்மாய்க்குப் போனேன். அலங்காநல்லூர் வண்டி, நிற்கவே இடமில்லை, ஒரு கோழி என் தோளில் பயணம் செய்தது. பெண்கள் நடுத்திட்டிலிருந்து படகில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். துடுப்பு போடத் தெரியாமல் ஒருத்தி இடப்பக்கமும் ஒருத்தி வலப்பக்கமும் இழுக்க, படகு தன்னைத் தானே சுற்றிச் சுற்றிக் கரை சேர்ந்தது. ஆனால் பானைகள் எல்லாம் நிறைந்திருந்தன.

பாண்டியம்மாள் கரையில் மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டினாள். நத்தையை வேகவைத்து, ஊசியால் சதையை எடுத்து, மஞ்சளும் உப்பும் போட்டு அலசி, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்தோடு வறுத்தாள். மிளகை வஞ்சகம் இல்லாமல் போட்டாள். ஆம்பல் இலையில் வைத்து நீட்டினாள்.

"அன்னைக்கு ஒங்களுக்கு இல்லன்னு சொல்லிப்புட்டேன். தின்னுங்கண்ணே."

கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகுதான் காரணம் என்று சொன்னேன். தின்றுகொண்டே ஆ ஹாக்கைப் பற்றி அவளிடம் சொன்னேன். சிப்பி, சேறு, படகு, ஜில்லா அதிகாரி எல்லாம். அவள் பாதியில் மறிக்காமல் கேட்டாள்.

"ஒங்க ஊருலயும் ஒரு கருப்பு வச்சிருங்க."

"படகுல வர்றவங்க சீனர், மலாய்க்காரர், தமிழர், வெள்ளைக்காரர். எல்லாரும் பயப்படுற சாமிக்கு நான் எங்கம்மா போவேன்?"

அவள் அடுப்பில் சுள்ளியைத் தள்ளினாள். "அப்ப நீங்கதான் போயி நிக்கணும். தொற ஒங்களோடதுதான?"

கிளம்பும்போது சோணை என்னை மேடைக்குக் கூட்டிப் போனார். அரிவாள்களுக்குப் பக்கத்தில் என் நங்கூரத்தை நட்டிருந்தார்கள். சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, கதம்ப மாலை போட்டிருந்தார்கள். "இம்புட்டுத் தூரம் வந்த பொருளு. சும்மா போட மனசில்ல" என்றார். நான் செருப்பை முன்பே கழற்றிவிட்டிருந்தேன். கும்பிட்டுக்கொண்டேன்.

ரயில் நிலையத்தில் அதே போர்ட்டர். பெட்டியைத் தூக்கி, கனமில்லாததைக் கண்டு, "போட்டாச்சாண்ணே நங்கூரம்?" என்றார்.

"போட்டாச்சு."

"தண்ணி இருந்துச்சா?"

"நிறைய இருந்தது" என்றேன்.

ஊர் திரும்பியதும் ஜில்லா அதிகாரியிடம் சொல்ல வைத்திருந்த வாதங்களை விட்டுவிட்டேன். படகுகளை ஆ ஹாக்கின் சேற்றுப் பக்கத்திலிருந்து அவிழ்த்து, ஆற்றின் நடு ஆழத்துப் பக்கம் மாற்றிக் கட்டினேன். எனக்குக் கட்டுவதற்கு இடம் குறைந்தது. சில படகுக்காரர்கள் கோபித்துக்கொண்டு வேறு துறைக்குப் போனார்கள். கரையில் கழிப்பறை ஒன்று கட்டினேன். சனிக்கிழமை காலையில் துறையின் நுனியில் போய் நின்றேன். படகில் ஏறும் ஒவ்வொருவரையும் நிறுத்தி, அசுத்தத்தைத் தண்ணீரில் விடுவதில்லை, வாளியில் கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்று சொன்னேன். ஒரு வெள்ளைக்காரர் சிரித்தார். மாலையில் வாளியோடு இறங்கியவர்களில் அவரும் இருந்தார். அவரை மட்டும் இன்னொரு தடவை பார்த்து வைத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமையும் நின்றேன். அதற்கடுத்ததும். என் மூக்குக்கு மேல் வரும் கோபத்துக்கு ஒரு நல்ல வேலை கிடைத்தது. ஆ ஹாக் தூரத்தில் சேற்றில் பலகையைப் போட்டு அதன் மேல் சறுக்கிச் சிப்பி எடுத்துக்கொண்டே என்னைப் பார்ப்பார். சுகாதார அதிகாரிகள் வந்து தண்ணீரைப் புட்டியில் பிடித்துக்கொண்டு போனார்கள். தடை வரவில்லை.

ஒரு மாலையில் துறைக்கு அவரே நடந்து வந்தார். சேற்றுக் காலைக் கழுவி, ரப்பர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினார். ஏன் கழற்றினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அரை வாளி கெராங்கை என் காலடியில் வைத்துவிட்டு, "உன் மனைவிக்கு" என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் அதை எப்போதும் போலக் குழம்பு வைக்கப் போனாள். நான் தடுத்தேன். "வறுக்கலாம்" என்றேன். "மிளகு நிறைய வேணும்."